பழைய அப்பாச்சி 2.2 சர்வர்: டிஃபால்ட் அமைப்புகளில் எதை முதலில் அடைப்பது?

போர்ட்80 (கேள்வி)

இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கும் ஒரு பழைய சர்வர். சென்ட்ஓஎஸ் 6, அதோடு வந்த அப்பாச்சி 2.2.15, பிஎச்பி 5.3.3. பாதி பிஎச்பி அப்ளிகேஷன். மீதி அதே மெஷினில் ஓடும் டாம்கேட் 7.0.54. அப்பாச்சி அதை மாட்_ப்ராக்ஸி_ஏஜேபி மாட்யூல் வழியாகத் தொடுகிறது. கோட் எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை. புது மெஷினுக்கு மாற்ற ஆறு மாதமாவது பிடிக்கும், அதுவரை இது ஓடியாக வேண்டும்.

கன்ஃபிக் பெரும்பாலும் இன்ஸ்டால் செய்தபோது வந்த டிஃபால்ட்தான். ஸ்கேனர் ரிப்போர்ட் ஒன்று கையில் இருக்கிறது: பேனரில் வெர்ஷன் தெரிகிறது, ட்ரேஸ் திறந்திருக்கிறது, டைரக்டரி லிஸ்டிங், எஸ்எஸ்எல்வி3, ஈடேக்கில் ஐநோட் எண், 8009 போர்ட் (டாம்கேட்டின் ஏஜேபி) திறப்பு, அதற்குக் கீழே அப்பாச்சி 2.2.15-க்கான சிவிஇ எண்கள் (பதிவான பாதுகாப்பு ஓட்டைகளின் எண்கள்) பக்கம் பக்கமாக.

மூன்று கேள்விகள். எந்த வரிசையில் அடைப்பது? முன்னால் ஒரு புது என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீருமா? வெர்ஷனை வைத்துச் சொல்லப்படும் சிவிஇ பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

லாக்வாசி

ஸ்கேனர் போடும் வரிசையை மறந்துவிடுங்கள். வெளியிலிருந்து ஒருவரால் கோடை ஓட்டவோ ஃபைலைப் படிக்கவோ வழி செய்வது எதுவோ அதுதான் முதலில். அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் தலையாயது 8009.

டாம்கேட் 7-இன் 7.0.100-க்கு முந்தைய எல்லா வெளியீடுகளிலும் ஏஜேபி கனெக்டர் டிஃபால்டாகவே திறந்திருக்கும், அதுவும் எல்லா முகவரிகளிலும். ஏஜேபி என்பது முன்னால் நிற்கும் வெப் சர்வர் சொல்வதை அப்படியே நம்பும் புரோட்டோகால். வெளி ஆள் நேரடியாக 8009-இல் பேசினால் வெப் அப்ளிகேஷனுக்குள் இருக்கும் எந்த ஃபைலையும் கேட்டு வாங்கலாம், வெப்-இன்ஃப் டைரக்டரி உட்பட. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பல அப்ளிகேஷன்களில் அங்கேதான் கிடக்கும். அந்த அப்ளிகேஷன் அப்லோடும் அனுமதித்தால், அப்லோடு செய்த ஃபைலை ஜேஎஸ்பியாக ஓட்ட வைக்கவும் முடியும். கோஸ்ட்கேட் என்று பேர் வாங்கிய சிவிஇ-2020-1938 இதுதான். சர்வர்.எக்ஸ்எம்எல் ஃபைலில் ஏஜேபி கனெக்டர் வரியில் அட்ரஸ் என்ற ஆட்ரிபியூட்டாக 127.0.0.1 சேர்த்து டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு நெட்ஸ்டாட்டில் 8009 எந்த முகவரியில் கேட்கிறது என்று கண்ணால் பாருங்கள். ஐபிவி6 முகவரியில் தனியாகத் திறந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐபிடேபிள்ஸ் விதி ஐபிவி4-க்கு மட்டும்தான், ஐபி6டேபிள்ஸ் வேறு.

டாம்கேட்டோடு வரும் மேனேஜர், ஹோஸ்ட்-மேனேஜர், எக்ஸாம்பிள்ஸ், டாக்ஸ் நான்கையும் வெப்ஆப்ஸ் டைரக்டரியை விட்டே அகற்றுங்கள். பாஸ்வேர்டு போட்டு வைப்பதோ ப்ராக்ஸியில் பாதையை மறிப்பதோ போதாது. பாதையில் இரண்டு புள்ளிக்குப் பின் ஓர் அரைப்புள்ளி வைத்து (/..;/ என்று) அனுப்பினால் என்ஜின்எக்ஸ் அதை ஒரு சாதாரணப் பெயராகக் கடத்திவிடும். டாம்கேட்டோ அரைப்புள்ளிக்குப் பின்னுள்ளதை வெட்டிவிட்டு ஒரு டைரக்டரி மேலே ஏறும். ப்ராக்ஸியில் நீங்கள் மறித்த மேனேஜர் பக்கத்தை இந்த வழியாக எட்டிவிடலாம்.

இரண்டாவது, பிஎச்பி. சென்ட்ஓஎஸ் 6-இன் பிஎச்பி.கான்ஃப் ஃபைலில் இருப்பது ஆட்ஹேண்ட்லர் வரி. மாட்_மைம் ஃபைல் பெயரின் கடைசி எக்ஸ்டென்ஷனை மட்டும் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் பார்க்கும். அதனால் படம்.பிஎச்பி.ஜேபிஜி என்ற ஃபைல் பிஎச்பியாக ஓடும். அப்லோடு கோட் கடைசி எக்ஸ்டென்ஷனைச் சரிபார்த்து “ஜேபிஜிதானே” என்று விட்டுவிடும், அப்பாச்சி ஓட்டிவிடும். யாராவது கைப்பட ஆட்டைப் வரியாக மாற்றியிருந்தால் விளைவு கொஞ்சம் மாறும்: ஜேபிஜிக்குத் தெரிந்த மைம் வகை இருப்பதால் மேலே சொன்ன ஃபைல் ஓடாது, ஆனால் படம்.பிஎச்பி.அஆஇ போல அறியாத எக்ஸ்டென்ஷன் வைத்தால் ஓடும். இரண்டையும் எடுத்துவிட்டு, ஃபைல்ஸ்மேட்ச் பிளாக்கில் \.பிஎச்பி$ என்ற வடிவத்துக்குள் செட்ஹேண்ட்லர் வையுங்கள். கடைசியில் டாலர் குறி அவசியம்.

அப்லோடு டைரக்டரிக்குத் தனி டைரக்டரி பிளாக் எழுதுங்கள். உள்ளே மூன்று வரி:

அலோஓவர்ரைட் நன்
ஆப்ஷன்ஸ் நன்
பிஎச்பி_அட்மின்_ஃப்ளாக் எஞ்சின் ஆஃப்

முதல் வரி எதற்கு என்றால், அப்லோடு வழியாக ஒரு .எச்டிஅக்சஸ் ஃபைலையே ஏற்றி “இங்கே ஜேபிஜி எல்லாம் பிஎச்பி” என்று சொல்லிவிட முடியும். மூன்றாவது மாட்_பிஎச்பிக்கு மட்டும் செல்லும். ஃபாஸ்ட்சிஜிஐ ஆனால் வேலை செய்யாது. எஞ்சினை அணைத்தால் பிஎச்பி ஃபைல் ஓடாதே தவிர சோர்ஸாக வெளியே போகும். எனவே அதே பிளாக்கில் பிஎச்பி வகை எக்ஸ்டென்ஷன்களை டினை ஃப்ரம் ஆல் என்று முழுக்க மறித்துவிடுங்கள்.

மற்றவை அரை மணி வேலை. ஆப்ஷன்ஸ் வரிகளிலிருந்து இண்டெக்ஸஸை எடுங்கள். பிறகு ட்ரேஸ்எனேபிள் ஆஃப், ஃபைல்ஈடேக் எம்டைம் சைஸ், சர்வர்டோக்கன்ஸ் ப்ராட், சர்வர்சிக்னேச்சர் ஆஃப். டிஏவி, இன்ஃபோ, யூசர்டைர் மாட்யூல்களின் லோட்மாட்யூல் வரிகளுக்கு முன் # போடுங்கள். அப்பாச்சி டிஃபால்டாக மறிப்பது .எச்டி என்று தொடங்கும் ஃபைல்களை மட்டும்தான்; .கிட் டைரக்டரி, .பேக், .எஸ்க்யூஎல், எடிட்டர் விட்டுப்போகும் ~ ஃபைல்கள் எல்லாம் கேட்டால் கிடைக்கும். அவற்றை மறிப்பதைவிட டாக்குமெண்ட்ரூட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுவது மேல்.

பேனர்மறை

சர்வர்டோக்கன்ஸைக் கடைசியில் தள்ளியது சரியா? தானியங்கித் தாக்குதல்கள் பேனரைப் பார்த்துத்தானே வருகின்றன. நான் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

லாக்வாசி

எந்தப் பழைய சர்வரின் ஆக்சஸ் லாக்கையும் திறந்து பாருங்கள். அப்பாச்சி மெஷினுக்கு மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வருக்கான கோரிக்கைகளும், பிஎச்பியே இல்லாத இடத்துக்குப் பிஎச்பி பாதைகளும் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான பாட்கள் பேனரைப் படிப்பதே இல்லை, எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கின்றன. பேனரை மறைப்பது ஸ்கேனர் ரிப்போர்ட்டைச் சுருக்கும். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 8009 திறந்திருக்கும்போது அதில் முதல் பத்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அரைப்புள்ளி

ப்ராக்ஸி பற்றி. வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் பழைய சர்வரின் பாதுகாப்பில் பாதி “கேட்பவர் எந்த ஐபியிலிருந்து வருகிறார்” என்பதை நம்பித்தான் நிற்கிறது. முன்னால் ப்ராக்ஸி வந்த நொடியில் அந்தக் கேள்விக்குப் பதில் எல்லாருக்கும் ஒன்றாகிவிடும்.

/சர்வர்-ஸ்டேட்டஸ் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலோ ஃப்ரம் 127.0.0.1 என்று பூட்டியிருப்பார்கள். என்ஜின்எக்ஸை அதே மெஷினில் வைத்தால் வெளியுலகம் முழுவதும் 127.0.0.1 ஆகத்தான் அப்பாச்சிக்குத் தெரியும், பக்கம் ஊருக்கே திறந்துவிடும். வேறு மெஷினில் வைத்தாலும், அலோ ஃப்ரம் 10. போன்ற உள்வலை விதிகள் இருந்தால் கதை அதேதான். ஸ்கேனர் இதை இப்போது காட்டாது, ஏனென்றால் இப்போது ஓட்டை இல்லை. நீங்கள் பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம்தான் அதைத் திறக்கிறது.

எனவே ப்ராக்ஸி வைக்கும் முன் கன்ஃபிக் டைரக்டரி முழுவதிலும், டாக்குமெண்ட்ரூட்டுக்குள் கிடக்கும் எல்லா .எச்டிஅக்சஸ் ஃபைல்களிலும் “அலோ ஃப்ரம்” என்று க்ரெப் செய்யுங்கள். அப்ளிகேஷன் கோடிலும் ரிமோட்_அட்ரஸ் மாறியைத் தேடுங்கள். அட்மின் பக்கத்தை ஐபி பார்த்துத் திறக்கும் கோட் பழைய அப்ளிகேஷன்களில் சகஜம்.

உண்மையான ஐபியைத் திருப்பிப் பெற 2.4-இல் மாட்_ரிமோட்ஐபி உண்டு. 2.2-இல் அது கிடையாது, வெளி மாட்யூலான ஆர்பிஏஎஃப் வேண்டும். எதை வைத்தாலும், நம்ப வேண்டிய ப்ராக்ஸியின் முகவரியை மட்டும் அதில் எழுதுங்கள். என்ஜின்எக்ஸ் பக்கம் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை ரிமோட்_அட்ரஸ் மதிப்பால் அழித்து எழுதுங்கள். பல இடங்களில் காப்பியடிக்கப்படும் ப்ராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் மாறி, வந்தவர் அனுப்பிய மதிப்பை வைத்துக்கொண்டு பின்னால்தான் ஒட்டும். முதல் மதிப்பை எடுக்கும் அப்ளிகேஷன் இருந்தால் யார் வேண்டுமானாலும் 127.0.0.1 என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு. என்ஜின்எக்ஸ் டிஃபால்டாக ஹோஸ்ட் ஹெடரில் ப்ராக்ஸி_பாஸ் வரியில் உள்ள பெயரைத்தான் அனுப்பும், வந்தவர் கேட்ட பெயரை அல்ல. பொருந்தாத பெயரோடு போனால் அப்பாச்சி முதல் விர்ச்சுவல் ஹோஸ்ட்டைக் கொடுத்துவிடும். அது எது என்று எச்டிடிபிடி கட்டளையைப் பெரிய எழுத்து எஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் தெரியும். எல்லாவற்றையும் மறிக்கும் காலி ஹோஸ்ட் ஒன்றை முதலில் வைத்துவிடுங்கள். அடுத்தது லொகேஷன், அலியாஸ் ஜோடி: லொகேஷன் பாதையில் கடைசிச் சாய்கோடு இல்லாமல் அலியாஸில் மட்டும் இருந்தால், இரண்டு புள்ளி ஒட்டிக் கேட்டு ஒரு டைரக்டரி மேலே உள்ள ஃபைல்களை எடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் சாய்கோடு வையுங்கள்.

ப்ராக்ஸி வைத்த பின் பழைய மெஷினின் 80, 443 இரண்டையும் ஃபயர்வாலில் ப்ராக்ஸிக்கு மட்டும் திறந்து வையுங்கள். பழைய ஐபி உலகத்துக்கே தெரியும், நேராக வருவார்கள்.

நன்மையும் சொல்ல வேண்டும். ப்ரீஃபோர்க் அப்பாச்சியில் ஒரு கனெக்ஷனுக்கு ஒரு ப்ராசஸ். மேக்ஸ்கிளையண்ட்ஸ் 256 என்றால், ஹெடரைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும் 256 கனெக்ஷன்கள் போதும் சர்வரை நிறுத்த. 2009-இல் வந்த ஸ்லோலோரிஸ் செய்தது அதைத்தான். என்ஜின்எக்ஸ் கோரிக்கை முழுதாக வந்த பிறகே பின்னால் அனுப்புவதால் இந்தத் தலைவலி போகும். லிமிட்ரிக்வெஸ்ட்பாடி 2.2-இல் 0, அதாவது வரம்பே இல்லை. என்ஜின்எக்ஸின் கிளையண்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் டிஃபால்ட் 1 எம்பி. பெரிய அப்லோடு இருந்தால் 413 வரும், பயப்படாமல் தேவையான அளவுக்கு உயர்த்துங்கள்.

ஆர்பிஎம்பெட்டி

மூன்றாவது கேள்விக்கு. சிவிஇ பட்டியலைப் பாதிக்கு மேல் நம்ப வேண்டாம், ஆனால் தூக்கியும் எறிய வேண்டாம். ரெட் ஹேட் வழி வந்த சிஸ்டங்களில் வெர்ஷன் எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே இறக்குவார்கள். நல்ல உதாரணம் ஹார்ட்பிளீட், சர்வரின் மெமரியைக் கசிய விட்ட ஓபன்எஸ்எஸ்எல் ஓட்டை. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிப்பு, திருத்தம் 1.0.1ஜி. ஆனால் சென்ட்ஓஎஸ் 6-இல் திருத்தப்பட்ட பேக்கேஜின் பெயர் 1.0.1இ-16.இஎல்6_5.7. முன்னால் உள்ள 1.0.1இ-ஐ மட்டும் பார்க்கும் ஸ்கேனர் ஓட்டை என்று எழுதிவிடும். ஆர்பிஎம் கட்டளையில் அந்தப் பேக்கேஜின் சேஞ்ச்லாகை எடுத்து சிவிஇ எண்ணைத் தேடினால் உண்மை தெரியும்.

இந்தச் சமாதானம் 2020 நவம்பர் 30 வரைதான். அன்றோடு சென்ட்ஓஎஸ் 6-க்கு அப்டேட் நின்றது. அதற்குப் பின் வந்த சிவிஇ எதுவும் உங்கள் மெஷினில் திருத்தப்படவில்லை. அப்பாச்சி 2.2 வரிசையே 2017-இல் 2.2.34-ஓடு முடிந்துவிட்டது. ஆகவே ரிப்போர்ட்டை அந்தத் தேதியில் இரண்டாகப் பிரியுங்கள்: முந்தையவற்றுக்கு சேஞ்ச்லாக், பிந்தையவற்றுக்கு அந்த மாட்யூல் உங்களிடம் லோடு ஆகிறதா என்ற கேள்வி. லோடு ஆகாத மாட்யூலின் ஓட்டைக்கு வேலை இல்லை. லாக்வாசி மாட்யூல்களை எடுக்கச் சொன்னதன் பெரிய லாபம் இதுதான்.

எஸ்எஸ்எல் விஷயம்: அந்தக் காலத்து எஸ்எஸ்எல்.கான்ஃப் ஃபைலில் “ஆல் -எஸ்எஸ்எல்வி2” என்றுதான் இருக்கும், எஸ்எஸ்எல்வி3 திறந்தபடி. 2014-இல் எஸ்எஸ்எல்வி3-ஐ உடைத்த பூடில் தாக்குதல் வந்த பின்னும் யாரும் மாற்றவில்லை என்று தெரிகிறது. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. இந்த மெஷினில் சைஃபர் வரியோடு மல்லுக்கட்டாமல் டிஎல்எஸ்-ஐ ப்ராக்ஸியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை: பழைய ப்ரைவேட் கீயை ப்ராக்ஸிக்குக் காப்பி செய்யாதீர்கள். புதுக் கீ, புதுச் சான்றிதழ், பழையதை ரிவோக். ஹார்ட்பிளீட் காலத்தில் கசிந்ததா என்று இப்போது சொல்ல வழியில்லை. மேலும் அதே கீயை ஏதாவது பழைய மெயில் சர்வர் எஸ்எஸ்எல்வி2-ஓடு பயன்படுத்திக்கொண்டிருந்தால், 2016-இல் வெளியான ட்ரௌன் தாக்குதல் அந்த மெயில் சர்வரை வைத்தே உங்கள் வெப் டிராஃபிக்கின் என்கிரிப்ஷனை உடைத்துப் படிக்கும்.

லாக்வாசிக்கு ஒரு சிறு திருத்தம். டிஃபால்ட் என்றால் இரண்டு உண்டு: அப்பாச்சி பைனரிக்குள் இருப்பது, பேக்கேஜின் கன்ஃபிக் ஃபைலில் எழுதியிருப்பது. 2.2 பைனரிக்குள் ஆப்ஷன்ஸ் ஆல், அலோஓவர்ரைட் ஆல். சென்ட்ஓஎஸ் கன்ஃபிக் இவற்றை மேலெழுதி, ரூட் டைரக்டரிக்கு ஃபாலோசிம்லிங்க்ஸும் அலோஓவர்ரைட் நன்னும் வைக்கிறது. ஆகவே வரியை அழித்தால் பாதுகாப்பு கூடாது, பைனரியின் தாராள டிஃபால்ட்தான் திரும்பி வரும். அழிக்காதீர்கள், மாற்றி எழுதுங்கள். அதே ரூட் டைரக்டரி பிளாக்கில் டினை ஃப்ரம் ஆல் கிடையாது. அதைச் சேர்த்து, டாக்குமெண்ட்ரூட்டுக்கு மட்டும் அலோ கொடுங்கள். 2021-இல் 2.4.49-இல் வந்த பாதை ஓட்டை, சிவிஇ-2021-41773, இந்த ரூட் மறிப்பு இருந்த சர்வர்களில் ஃபைலைக் கொடுக்கவில்லை. சேர்த்த பின் அலியாஸ் வைத்த டைரக்டரி ஏதாவது 403 காட்டினால் அதற்குத் தனி பிளாக் எழுதுங்கள்.

போர்ட்80

நன்றி. பார்த்தேன்: 8009 எல்லா முகவரியிலும் திறந்திருந்தது, 8005 (டாம்கேட்டை நிறுத்தும் போர்ட்) மட்டும் 127.0.0.1. டாக்குமெண்ட்ரூட்டில் யாரோ அலோஓவர்ரைட் ஆல் என்று மாற்றியிருக்கிறார்கள்; உள்ளே 14 .எச்டிஅக்சஸ் ஃபைல்கள், சிலவற்றில் டினை ஃப்ரம் ஆல்.

ஏஜேபிக்கு சீக்ரெட் (இரு பக்கமும் அறிந்த பாஸ்வேர்டு) வைக்கலாம் என்று டாம்கேட்டை 7.0.109-க்கு டெஸ்ட் மெஷினில் ஏற்றினேன். அப்பாச்சி 503 காட்டுகிறது. எங்கே தவறு?

அரைப்புள்ளி

7.0.100 முதல் சீக்ரெட்ரிக்வயர்டு டிஃபால்ட் ட்ரூ. சீக்ரெட் எழுதாத கனெக்டர் தொடங்கவே மறுக்கும், அதனால்தான் 503. கேட்டலினா லாக்கில் அந்த வரி இருக்கும். சீக்ரெட் எழுதினாலும் உங்களுக்கு உதவாது: மாட்_ப்ராக்ஸி_ஏஜேபியில் சீக்ரெட் அனுப்பும் வசதி 2.4.42-இல்தான் வந்தது. 2.2-இல் இருந்துகொண்டு வேண்டுமென்றால், டாம்கேட்டோடு பேசும் இன்னொரு மாட்யூலான மாட்_ஜேகேயில் உண்டு. எளிய வழி, ஒரே மெஷின் என்பதால் அட்ரஸ் 127.0.0.1, சீக்ரெட்ரிக்வயர்டு ஃபால்ஸ். அந்த மெஷினில் வேறு யாருக்கும் லாகின் இல்லை என்றால் இது போதும்.

ஏஜேபியை விட்டு எச்டிடிபி கனெக்டருக்கு மாறுவது இன்னொரு வழி. மாறினால் ஒன்றைக் கவனியுங்கள்: ஏஜேபி வந்தவரின் ஐபியைத் தன் கோரிக்கையிலேயே கொண்டுபோகும், எச்டிடிபி கொண்டுபோகாது. டாம்கேட்டில் ரிமோட்அட்ரஸ்வால்வ் வைத்து 127 முகவரிக்கு மட்டும் என்று ஏதாவது பூட்டியிருந்தால் அது அந்தக் கணமே எல்லாருக்கும் திறக்கும். ஹோஸ்ட் மட்டத்தில் ரிமோட்ஐபிவால்வ் சேர்த்தால்தான் பழைய பொருள் திரும்பும். கையோடு செக்யூர் குக்கி, ரீடைரக்ட் முகவரி இரண்டும் எச்டிடிபிஎஸ் ஆகவே வருகின்றனவா என்று பாருங்கள்.

ஆர்பிஎம்பெட்டி

14 .எச்டிஅக்சஸ் என்றதும் ஆறு மாதம் கழித்து வரப்போகும் பிரச்சினையை இப்போதே சொல்லிவிடுகிறேன். 2.4-இல் அலோஓவர்ரைட்டின் உள் டிஃபால்ட் நன் (2.3.9-இல் மாறியது). பழைய சைட்டைப் புது மெஷினுக்கு அப்படியே காப்பி செய்தால் அந்த 14 ஃபைல்களும் படிக்கப்படவே மாட்டா. பிழைச் செய்தி வராது, லாக்கில் ஒரு வரி வராது, சைட்டும் ஓடும். மறித்திருந்த டைரக்டரிகள் மட்டும் திறந்திருக்கும். 2018-இல் பேசப்பட்ட ஜேக்வெரி ஃபைல் அப்லோடு ஓட்டை, சிவிஇ-2018-9206, சரியாக இதனால் வந்ததுதான்: அப்லோடு டைரக்டரியின் பாதுகாப்பு முழுக்க .எச்டிஅக்சஸை நம்பியிருந்தது.

இதற்கு நேர்மாறாக, ஆர்டர், அலோ, டினை வரிகள் 2.4-இன் முக்கிய கன்ஃபிக்கில் இருக்க, அந்தப் பழைய வரிகளைப் புரிந்துகொள்ளும் மாட்_அக்சஸ்_கம்பேட் லோடு ஆகாவிட்டால் அப்பாச்சி தொடங்கவே தொடங்காது. அது நல்லது, சத்தம் போடும் தவறு ஆபத்தில்லை. கம்பேட்டை லோடு செய்துகொண்டு பாதி பழைய வரி, பாதி 2.4-இன் புது ரிக்வயர் வரி என்று கலப்பதுதான் தொல்லை. எல்லாவற்றையும் ரிக்வயர் ஆல் டினைடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சர்வர்-ஸ்டேட்டஸ் பக்கத்தில் விவரம் கூட்டும் எக்ஸ்டெண்டட்ஸ்டேட்டஸின் டிஃபால்டும் இப்படி மாறியதுதான். 2.2-இல் ஆஃப், 2.4-இல் மாட்_ஸ்டேட்டஸ் லோடு ஆனாலே ஆன். அரைப்புள்ளி சொன்ன ப்ராக்ஸி ஓட்டையோடு சேர்ந்தால், வருபவர்களின் ஐபியும் அவர்கள் கேட்ட பாதையும் அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போதே செய்யக்கூடியது: 14 ஃபைல்களின் விதிகளையும் முக்கிய கன்ஃபிக்கில் டைரக்டரி பிளாக்குகளாக எழுதி, அலோஓவர்ரைட்டை நன் ஆக்குங்கள். ரீரைட் விதிகளை அப்படியே ஒட்ட வேண்டாம். டைரக்டரி பிளாக்குக்குள் வைத்தால் .எச்டிஅக்சஸில் இருந்தது போலவே பாதை ஒப்பிடப்படும், விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்குள் நேரடியாக வைத்தால் முன்னால் சாய்கோடு சேர்ந்து வரும், பழைய வடிவம் பொருந்தாது.

போர்ட்80

ஒரு .எச்டிஅக்சஸ் படிக்கப்படுகிறதா இல்லையா என்று உறுதியாகப் பார்க்க வழி உண்டா? கன்ஃபிக் ஐந்தாறு ஃபைல்களில் சிதறிக் கிடக்கிறது.

லாக்வாசி

டெஸ்ட் மெஷினில், அந்த .எச்டிஅக்சஸ் ஃபைலின் முதல் வரியில் அர்த்தமில்லாத ஒரு சொல்லை எழுதிவிட்டு அந்த டைரக்டரியிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைக் கேளுங்கள். 500 வந்தால் படிக்கிறது. 200 வந்தால் அந்த ஃபைல் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். 403 வந்தால் முக்கிய கன்ஃபிக்கிலிருந்து வேறொரு விதி மறிக்கிறது. 14 டைரக்டரிக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். மேல் டைரக்டரிக்கு ஒரு பிளாக்கும் உள்ளே வேறொரு பிளாக்கும் இருந்தால் பதில் மாறும்.